லட்ரோப் பள்ளத்தாக்கு: எடைபோட்ட நிலக்கரியும் எண்ணப்படாத உயிர்களும்

உங்களில் சிலருக்கு இது அதிகாலை, சிலருக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். எந்த நாட்டில் இருந்தாலும் என் குரல் உங்களை வந்து சேர்வது மின்சாரத்தால்தான். அந்த மின்சாரம் வந்த வழிகளில் ஒன்றைப் பற்றி இன்று பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வரலாற்றுத் துறையில் படித்தவள் அல்ல, செவிலியர். செவிலியர் படிப்பில் முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் சொல்லித்தருவார்கள்: குறிப்பேட்டில் எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலை. நாடித் துடிப்பு எத்தனை, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, உள்ளே போன நீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கிறோம். ஒரு வரி விடுபட்டால், காலையில் வருபவருக்கு அந்த நோயாளியின் இரவு தெரியாமலே போய்விடும். லட்ரோப் பள்ளத்தாக்கின் நூறாண்டுக் கதையைப் படித்தபோது இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இங்கே எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள், அடுத்த ஷிஃப்டுக்கு எதைச் சொல்லாமல் போனார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இடம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கிறது லட்ரோப் பள்ளத்தாக்கு. மோ, மோர்வெல், ட்ராரல்கன் என்று வரிசையாக மூன்று நகரங்கள். பச்சைப் புல்வெளி, பால் மாடுகள். அந்தப் புல்லுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி. இந்தச் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நெய்வேலி நமக்குக் கற்றுக்கொடுத்த சொல் அது. கருப்பு நிலக்கரியாக இறுகுவதற்கு முன்னால், மரமும் மண்ணுமாக இருக்கும் இளம் கரி. லட்ரோப்பில் சில இடங்களில் அந்தப் படிவம் 100 மீட்டருக்கும் மேல் தடிமன். அதன்மேல் கிடக்கும் மண்ணோ சில பத்து மீட்டர்கள்தாம். குடைந்து இறங்க வேண்டாம். மேல்மண்ணை நீக்கினால் போதும், கரி கையில் வந்துவிடும்.

ஆனால் அந்தக் கரியின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். லாரியிலோ ரயிலிலோ ஏற்றித் தூரத்துக்கு அனுப்பினால் தண்ணீரைச் சுமக்கத்தான் காசு செலவாகும். காய்ந்தாலோ தானே சூடேறித் தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. ஆகவே பழுப்பு நிலக்கரிக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான். குழி இருக்கும் இடத்திலேயே மின் நிலையத்தைக் கட்ட வேண்டும். கரி அங்கேயே எரியும், மின்சாரம் மட்டும் கம்பியில் நகரத்துக்குப் போகும். இதன் பொருள், வெளிச்சம் ஓரிடத்தில், புகை வேறிடத்தில். இன்று நான் சொல்லப்போகும் எல்லாமும் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை.

கரிக்கு முன்னால் அங்கே மனிதர்கள் இருந்தார்கள். குனைக்குர்னாய் மக்களின் நிலம் அது. 1840களில் வெள்ளையர் ஆடு மாடுகளோடு வந்தபோது கிப்ஸ்லாந்து பகுதி முழுவதும் படுகொலைகள் நடந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் 1863இல் மொராவியன் சபையைச் சேர்ந்த மிஷனரி ஹேகனாவர் தொடங்கிய ராமாயக் மிஷனில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு அடைக்கலம் கிடைத்தது. மொழியும் சடங்கும் பறிபோனதும் அங்கேதான். கிறிஸ்தவளான நான் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானபோது அரசியல் சட்டத்தின் 127ஆம் பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரை எண்ணக் கூடாது என்றது. 1967இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்த பிறகே அந்தப் பிரிவு நீங்கியது. அப்படியானால் நிலக்கரிக்காக அந்த மண் தோண்டப்பட்ட முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, டன் கணக்கில் கரியை எடைபோட்ட நாடு, அந்த மண்ணின் மக்களைத் தன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நிலக்கரியின் கதை முதல் உலகப் போருக்குப் பின் வேகம் பிடிக்கிறது. அதுவரை மெல்போர்ன் நகரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கருப்பு நிலக்கரியை நம்பியிருந்தது. அங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் இங்கே ஆலைகள் திணறும். சொந்தக் கரி வேண்டும் என்ற முடிவோடு அரசு மாநில மின்சார ஆணையத்தை அமைத்தது. 1921இல் அதன் தலைமைக்கு வந்தவர் சர் ஜான் மொனாஷ். 1918இல் பிரான்ஸ் போர்முனையில் ஆஸ்திரேலியப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி, அடிப்படையில் பொறியாளர். பிரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். பழுப்பு நிலக்கரியில் அனுபவம் மிக்க நாடு, அவர் போரிட்டுத் தோற்கடித்த ஜெர்மனிதான். கரியை அழுத்திக் கட்டிகளாக்கும் இயந்திரங்கள் அங்கிருந்தே வந்தன.

மோர்வெலுக்கு அருகே யலோர்ன் என்ற இடத்தில் குழி வெட்டினார்கள். எதிர்பார்த்ததைவிடக் கரியில் ஈரம் அதிகம் என்று தெரிந்தது. கொதிகலன்களில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. செலவு ஏறியது, எதிர்ப்பும் ஏறியது. மொனாஷ் விடவில்லை. 1924இல் யலோர்ன் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் மெல்போர்னை அடைந்தது. ஒரு மாநிலத்தைத் தொழில் மாநிலமாக்கிய சாதனை அது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவளுக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். சுவாசக் கருவி ஓடுவதும் தடுப்பூசி கெடாமல் இருப்பதும் அதனால்தான்.

தொழிலாளர்களுக்காக ஆணையமே யலோர்னில் ஒரு நகரத்தைக் கட்டியது. திட்டமிட்ட தோட்ட நகரம். செங்கல் வீடுகள், மரங்கள் அணிவகுத்த தெருக்கள், பள்ளி, மருத்துவமனை, திரையரங்கு. வீடு, கடை, தெரு எல்லாமே ஆணையத்தின் சொத்து. குடியிருப்பவர்கள் வாடகைதாரர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி கிடையாது. வேலை கொடுப்பவரே வீட்டு உரிமையாளர், அவரே ஊரின் அரசு. மின் நிலையத்தின் சாம்பல் துணி உலர்த்தும் கொடியில் படிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

1944 பிப்ரவரி 14. போர்க்காலம். கடும் வெயிலில் கிளம்பிய காட்டுத்தீ யலோர்ன் சுரங்கத்துக்குள் இறங்கியது. கரியின் முகப்புகள் பற்றிக்கொண்டன. மாநிலத்தின் மின்சாரத்துக்கே ஆபத்து. விசாரிக்க அரசு நீதிபதி லியோனர்ட் ஸ்ட்ரெட்டனை நியமித்தது. 1939ஆம் ஆண்டின் பெரும் காட்டுத்தீயையும் விசாரித்தவர் அவர்தான். சுரங்கத்தைத் தீயிலிருந்து காக்கும் ஏற்பாடுகளில் இருந்த குறைகளை அவர் எழுதினார். அதோடு நிற்காமல் ஊரையும் பார்த்தார். மனிதன் விரும்பும் எல்லாமும் இந்த ஊரில் உண்டு, சுதந்திரமும் தூய காற்றும் மட்டும் இல்லை என்ற பொருள்பட எழுதிவைத்தார். எண்ணிக்கைக்குள் அடங்காததையும் பார்த்து எழுதிய ஒரு நல்ல குறிப்பு என்று அதைச் சொல்வேன். அந்த விசாரணையின் தொடர்ச்சியாகவே கிராமப்புறத் தீயணைப்பு ஆணையம் அமைந்தது. இன்றும் விக்டோரியாவில் காட்டுத்தீ என்றால் முதலில் ஓடுபவர்கள் அதன் தன்னார்வலர்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், எழுபது ஆண்டுகள் கழித்து இதே பள்ளத்தாக்கில் மீண்டும் வரும்.

யலோர்ன் நகரம் என்ன ஆனது? அதன் கீழேயும் கரி இருந்தது. 1960களின் இறுதியில், நகரம் அகற்றப்படும் என்று ஆணையம் அறிவித்தது. மக்கள் எதிர்த்தார்கள், பயனில்லை. வீடுகள் சில அறுக்கப்பட்டு வண்டிகளில் ஏறிப் பக்கத்து ஊர்களுக்குப் போயின. மற்றவை இடிக்கப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் ஊர் இல்லை. பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற ஆலயமும் படித்த பள்ளியும் இருந்த இடத்தைச் சுரங்கம் எடுத்துக்கொண்டது. கரிக்காகக் கட்டிய ஊரைக் கரிக்காகவே இடித்தார்கள். ஊர் முழுவதும் ஆணையத்தின் சொத்து என்பதால், ஒரு வாடகைதாரர் நாற்பது ஆண்டுகள் வளர்த்த ரோஜாத் தோட்டத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

அதற்குள் மையம் மோர்வெலுக்கு நகர்ந்திருந்தது. ஊரின் தெற்கு ஓரத்தில் 1950களில் ஒரு புதிய திறந்தவெளிச் சுரங்கம் உருவானது. அதன் கரையில் ஹேசல்வுட் மின் நிலையம். 1964 முதல் 1971 வரை ஒன்றன்பின் ஒன்றாக 200 மெகாவாட் திறனுள்ள 8 அலகுகள், மொத்தம் 1,600 மெகாவாட். 137 மீட்டர் உயரத்தில் 8 புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. பின்னர் லாய் யாங் என்ற இடத்தில் இன்னும் பெரிய சுரங்கமும் நிலையங்களும் வந்தன. விக்டோரியாவின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரே பள்ளத்தாக்கிலிருந்து போனது. சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் இரவு பகலாகக் கரியைச் சுரண்டின. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது.

அந்தக் காலத்தில் மின் நிலையங்களின் கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக் காப்பாக ஆஸ்பெஸ்டாஸ் சுற்றினார்கள். அதன் இழை நுரையீரல் உறையில் தங்கி, இருபது முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து மீசோதிலியோமா என்ற புற்றுநோயாக வெளிப்படும். கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும் அது வரும். நோய் தெரியும்போது அந்த மனிதர் ஓய்வுபெற்றிருப்பார். அவர் வேலை பார்த்த அலகு எத்தனை மெகாவாட் தந்தது என்று ஒவ்வொரு மணிக்கும் பதிவு உண்டு. அவர் எத்தனை நாள் அந்தத் தூசியில் நின்றார் என்று பெரும்பாலும் எங்கும் இல்லை. நோயாளியிடம் பழைய வேலைகளைப் பற்றிக் கேள் என்று எங்களுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

1990களில் மாநில அரசு மின்சார ஆணையத்தைப் பல துண்டுகளாக்கித் தனியாருக்கு விற்றது. ஹேசல்வுட் 1996இல் 235 கோடி டாலருக்குக் கைமாறியது. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நம் கதைக்கு முக்கியம் இன்னொன்று. ஆணையம் என்ற ஒரே அமைப்பின் நினைவில் இருந்த அனுபவம் சிதறியது. 1944ஐப் பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 1977இல் மோர்வெல் சுரங்கத்திலேயே பெருந்தீ ஏற்பட்டிருந்தது, 2006இலும் தீ. வேலை முடிந்த சுரங்கச் சரிவுகளில் திறந்து கிடக்கும் கரியை மண்ணால் மூட வேண்டும், அல்லது நீர் தெளிக்கக் குழாய் வேண்டும் என்பது புதிய பாடம் அல்ல. ஆனாலும் ஊரை நோக்கிய வடக்குச் சரிவுகளில் கரி திறந்தே கிடந்தது. பயன்பாடு முடிந்த பகுதிகளில் முன்பு இருந்த தண்ணீர்க் குழாய்களில் ஒரு பகுதி அகற்றப்பட்டு, மறுபடி போடப்படவில்லை. மூன்று ஷிஃப்ட் மாறிய பின் முதல் ஷிஃப்டின் எச்சரிக்கை மறைந்துபோவது எப்படி என்று எனக்குத் தெரியும். யாரும் அதை வேண்டுமென்றே அழிப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு வரியைச் சுருக்குகிறார்கள், அவ்வளவுதான்.

2014 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. வெப்பமும் பலத்த காற்றும். பக்கத்துக் காட்டுத்தீயிலிருந்து பறந்த தணல் ஹேசல்வுட் சுரங்கத்தில் விழுந்தது. பிற்பகலில் பற்றியது. மாலையில் சுரங்கத்துக்கு வரும் மின்கம்பிகள் எரிந்து, நீர் இறைக்கும் பம்புகளுக்கு மின்சாரம் போனது. மாநிலத்துக்கே மின்சாரம் தரும் இடத்தில் தீயை அணைக்க மின்சாரம் இல்லை. வடக்குச் சரிவில் பரவிய தீ 45 நாட்கள் எரிந்தது. மோர்வெலின் தெற்கு வீடுகளுக்கும் அந்தச் சரிவுக்கும் இடையே சில நூறு மீட்டர்களும் ஒரு நெடுஞ்சாலையும்தான்.

மோர்வெலில் அப்போது 14,000 பேர் அளவில் வசித்தார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், மலிவான வாடகைக்காக வந்த குடும்பங்கள், ஏற்கெனவே நுரையீரல் கெட்ட பலர். கரி கொழுந்துவிட்டு எரிவதைவிடப் புகைந்து கனல்வதே அதிகம். அதிலிருந்து வருவது நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள அந்தத் துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். கார்பன் மோனாக்சைடோ ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். விரல் நுனியில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மூச்சுக்குத் திணறுபவரிடம்கூட அது நல்ல எண்ணையே காட்டும். கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பாதே, ஆளைப் பார் என்று மூத்த செவிலியர்கள் சொல்வதற்கு இது ஓர் உதாரணம்.

அங்கே ஆளைப் பார்க்க நேரம் பிடித்தது. ஊரின் தெற்குப் பகுதியில் நுண்துகளை அளக்கும் கருவி முதல் நாளில் இல்லை. பிறகு வைத்து அளந்தபோது, ஒரு கனமீட்டர் காற்றில் 25 மைக்ரோகிராம் என்ற ஒருநாள் அளவைவிடப் பல மடங்கு பதிவானது. மக்கள் தலைவலி, இருமல், மூக்கில் ரத்தம் என்று சொன்னார்கள். வீட்டுக்குள் இருங்கள், ஜன்னலை மூடுங்கள் என்பதே நாள்தோறும் பதில். பிப்ரவரி 28 அன்றுதான், தீ தொடங்கி 19 நாட்களுக்குப் பின், மாநிலத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி ஓர் அறிவுரை வெளியிட்டார். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும், பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளும், கர்ப்பிணிகளும், இதய நுரையீரல் நோயாளிகளும் தெற்கு மோர்வெலை விட்டுத் தற்காலிகமாக வெளியேறுவது நல்லது என்று அது சொன்னது. ஒரு கர்ப்பிணி அந்த 19 நாட்களை எப்படிக் கழித்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

தீயோடு போராடியவர்களில் பலர் கிராமப்புறத் தீயணைப்பு ஆணையத்தின் தன்னார்வலர்கள். 1944இல் இதே பள்ளத்தாக்கின் சுரங்கத் தீயிலிருந்து பிறந்த அமைப்பு 2014இல் இன்னொரு சுரங்கத் தீக்குள் இறங்கியது. அவர்களுக்கும் கார்பன் மோனாக்சைடு பாதிப்பு ஏற்பட்டது. மார்ச் 25 அன்று தீ கட்டுக்குள் வந்து பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த இடம். அந்த மாதங்களில் பள்ளத்தாக்கில் வழக்கத்தைவிட அதிகச் சாவு என்ற பேச்சு மக்களிடையே எழுந்தது. இறுதிச் சடங்குகள் அடுத்தடுத்து வந்தன. ஆனால் புகையால் சாவு என்று எந்தச் சான்றிதழிலும் இராது. மாரடைப்பு என்று எழுதுவோம், நிமோனியா என்று எழுதுவோம், முற்றிய நுரையீரல் நோய் என்று எழுதுவோம். ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனியே சரி. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால்தான் புகை கண்ணில் படும். ஓய்வுபெற்ற நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையில் 2014இல் நடந்த முதல் விசாரணை பல குறைகளைச் சுட்டியது. சாவுக் கணக்கு மட்டும் திறந்தபடியே நின்றது.

அப்போது ஊர் மக்களே எண்ணத் தொடங்கினார்கள். தீயின்போது உருவான 'வாய்சஸ் ஆஃப் தி வேலி' என்ற குழு, பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பித்து அஞ்சல் குறியீடு வாரியாக இறப்பு எண்ணிக்கையைப் பெற்றது. முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு வைத்துப் பார்த்தால் கூடியிருப்பதாகத் தோன்றியது. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஏட்ரியன் பார்னெட் அந்த எண்களை ஆராய்ந்து, இறப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். சுகாதாரத் துறை உடன்படவில்லை. 2014 நவம்பர் தேர்தலில் ஆட்சி மாறியது. 2015இல் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. புள்ளியியல் வல்லுநர்கள் முன்வந்து வாதாடினார்கள். இறுதியில் விசாரணைக் குழு எழுதியது இது: 2014 பிப்ரவரி முதல் ஜூன் வரை லட்ரோப் பள்ளத்தாக்கில் இறப்பு அதிகரித்திருக்கக்கூடும், அதில் ஒரு பங்குக்குச் சுரங்கத் தீ காரணமாக இருந்திருக்கக்கூடும். சட்டத்தின் நிதானமான மொழி அது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எழுதப்படுவதற்கு, படிப்பும் பதவியும் இல்லாத சாதாரண மக்கள் பதிவாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

ஞாயிறு பள்ளியில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. நூறு ஆடுகளில் ஒன்று காணாமல் போக, மேய்ப்பன் மற்றவற்றை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறான். அவனுடைய அன்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மோர்வெலைப் பற்றிப் படித்த பிறகுதான் வேறொன்று தோன்றியது. ஓர் ஆடு குறைகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? அன்று மாலை அவன் எண்ணியிருக்கிறான். எண்ணாதவனுக்குத் தேடும் தேவையே வந்திராது.

அதன் பின் எண்ணுதல் முறையாக நடந்தது. அரசு நிதியில் நீண்டகாலச் சுகாதார ஆய்வு தொடங்கியது. நடத்தியது மொனாஷ் பல்கலைக்கழகம். ஆம், கரியைத் திறந்துவிட்ட அந்த மொனாஷின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம்தான் அந்தக் கரியின் புகை மனித உடலில் செய்ததை ஆண்டுக்கணக்கில் அளந்தது. புகையை அதிகம் சுவாசித்தவர்களிடம் இருமலும் மூச்சுத் தொல்லையும் ஆண்டுகள் கழித்தும் கூடுதலாக இருந்தன, மனத்துயரும் இருந்தது. பள்ளத்தாக்கைத் தனிச் சுகாதார மண்டலமாக அரசு அறிவித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் சுரங்க நிறுவனத்துக்குப் பணியிடப் பாதுகாப்புக் குற்றங்களுக்காக 15.6 லட்சம் டாலரும், சுற்றுச்சூழல் குற்றங்களுக்காக 3.8 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது.

அதற்குள் ஹேசல்வுட்டே மூடப்பட்டிருந்தது. 2016 நவம்பரில் அறிவிப்பு, 2017 மார்ச் இறுதியில் மூடல். ஐந்து மாத அவகாசம். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை அங்கே உழைத்த வீடுகள் இருந்தன. கடைசி நாளில் தொழிலாளர்கள் அழுததில் வியப்பில்லை. காற்றைக் கெடுத்த நிலையம் மூடியது நல்லதுதான். ஆனால் அந்த நிலையத்தை ஐம்பது ஆண்டுகள் ஓட்டியவர்களைக் குற்றவாளிகளைப் போல் பேசுவது நியாயம் இல்லை. நகரத்தில் விளக்கைப் போட்ட எல்லோருக்காகவும் அவர்கள் புகையில் நின்றார்கள். 2020 மே 25 அன்று 8 புகைபோக்கிகளும் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டன. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றவை சில நொடிகளில் தரையில் கிடந்தன.

குழி மட்டும் மிச்சம். அதை என்ன செய்வது? நிலத்தடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீர் சுரங்கத்தின் அடித்தரையை மேலே தள்ளிவிடாமல் இருக்க, இத்தனை ஆண்டுகளும் பம்பு வைத்து இறைத்தார்கள். இறைப்பதை நிறுத்த வேண்டுமானால் மேலே எடை வேண்டும். திறந்த கரி மீண்டும் பற்றாமல் இருக்க அதை மூட வேண்டும். ஆகவே குழியை நீரால் நிரப்பி ஏரியாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நீர் எந்த ஆற்றிலிருந்து வரும், கீழே இருக்கும் உழவருக்கும் கிப்ஸ்லாந்து ஏரிகளுக்கும் எவ்வளவு குறையும் என்று இப்போது வாதம் நடக்கிறது. குனைக்குர்னாய் மக்களும் இந்த முறை அந்த மேசையில் பேசுகிறார்கள்.

நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே கரி எடுக்கும் இன்னொரு ஊர் நமக்குத் தெரியும். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலி. அதனால் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் படித்தன, முன்னேறின. இந்தப் பேச்சைக் கேட்பவர்களிலும் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். அதே சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டு ஊர் மாறிய கிராமத்தார் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைச் செய்தியில் எல்லோரும் பார்த்தோம். லட்ரோப்பையும் நெய்வேலியையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மண் வேறு, சட்டம் வேறு, வறுமையும் வேறு. ஆனால் லட்ரோப்பிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துப் போகலாம். டன்னும் மெகாவாட்டும் எழுதும் அதே கவனத்தோடு, சுற்றியுள்ள ஊர்களின் கிணற்று நீர்மட்டத்தையும், ஒப்பந்தத் தொழிலாளியின் நுரையீரலையும், எழுந்து போன வீடுகளையும் யார் எழுதி வைக்கிறார்கள்?

எங்கள் வேலையில் ஒரு நோயாளி இறந்தால், எல்லாம் முடிந்த பிறகும் குறிப்பேட்டில் கடைசி வரியை எழுத வேண்டும். நேரம், தேதி, யார் அருகில் இருந்தார்கள். அது அந்த மனிதருக்கு நாங்கள் செய்யும் கடைசி மரியாதை, அடுத்து வருபவருக்குச் செய்யும் முதல் உதவி. மோர்வெல் மக்கள் தங்கள் ஊருக்காக அந்த வரியைத் தாங்களே எழுத வேண்டி வந்தது.

உங்கள் ஊரில் விளக்கு எரிய எங்கே புகைகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.